கேட் சாவி யார் கையில்?

முதலிபாளையம் பெரியோர்களே, சிட்கோவில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்து உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, தோழர்களே!

1932 ஜனவரி 10. இதே திருப்பூர் வீதியில் கொடி பிடித்து ஊர்வலம் போனதற்காகக் குமரனின் மண்டையை உடைத்தது போலீஸ் தடி. மறுநாள் அவர் உயிர் போனது. கூடுவதும் நடப்பதும் அன்று குற்றம். 1950-ல் அந்த இரண்டையும் உரிமை என்று 19-வது பிரிவில் எழுதிக் கொடுத்தது நம் அரசியல் சாசனம். நான் கேட்கிறேன்: அந்த உரிமை மில் ஹாஸ்டல் வாசலோடு ஏன் நின்றுபோகிறது?

சுமங்கலித் திட்டம் என்றார்கள். ஒரு பெண் மூன்று வருஷம் மில்லில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணமாம். யார் வீட்டுப் பணம் அது? அவள் கூலியில் பிடித்து வைத்தது! இரண்டே முக்கால் வருஷத்தில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பினால் அதுவும் இல்லை. இன்று அந்தப் பெயரைச் சொல்ல எல்லோருக்கும் கூச்சம். ஆனால் பூட்டு இன்னும் பல இடத்தில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனால் வார்டனும் கூடவே வருகிறார். அம்மாவிடம் போனில் பேசினால் பக்கத்தில் ஒருவர் நின்று கேட்கிறார்.

“பாதுகாப்புக்குத்தான், பெற்றவர்களே கேட்கிறார்கள்” என்கிறார்கள். ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றுகிற வயது வந்தவள், சோப்பு வாங்கக் கடைக்குப் போகக் கூடாதா? தெருவில் ஆபத்தென்றால் தெருவுக்கு விளக்குப் போடுங்கள். பெண்ணைப் பூட்டாதீர்கள்!

கம்பெனி வக்கீல் ஒரு வாதம் வைப்பார்: “அடிப்படை உரிமையெல்லாம் அரசாங்கத்திடம் கேட்பது, முதலாளியிடம் இல்லை.” தவறு! கட்டாய உழைப்பை யார் வாங்கினாலும் தடுக்கிறது 23-வது பிரிவு. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-ல் நீதிபதி பகவதி தீர்த்துச் சொன்னார்: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு, பசி விரட்டி வேலைக்கு வந்தாலும் கட்டாயம்தான். 19-வது பிரிவையும் வாழ்வுரிமை தரும் 21-வது பிரிவையும் தனியாருக்கு எதிராகவும் கேட்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே பெரும்பான்மையாகச் சொல்லிவிட்டது. முன்பணத்துக்காக நடமாடும் உரிமையைப் பறித்தால், 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை.

வடமாநிலத்துப் பிள்ளைகள் வந்து நம் கூலியைக் கெடுத்துவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசுகிறோம். அந்தப் பையனின் ஆதார் அட்டை ஏஜெண்டு பெட்டியில் கிடக்கிறது தோழர்களே! வேலையை விட்டுப் போக முடியாதவன் எப்படிக் கூலி பேசுவான்? 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. மிஷினை நிறுத்திவிட்டு கேட்டைத் தாண்டி வெளியே வர அன்று நம்மால் முடிந்தது. அதனால்தான் முதலாளிகள் நம்மோடு உட்கார்ந்து பேசினார்கள். உள்ளே பூட்டி வைக்கப்பட்டவர்களைக் கொண்டு ஒரு சங்கமும் கட்ட முடியாது. அவர்கள் பூட்டு திறக்காமல் நம் கூலியும் உயராது.

கொத்தடிமைச் சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. வருகிற திங்கட்கிழமை குறைதீர் நாளில் அவரிடமே கேட்போம்: ஹாஸ்டல்களைச் சோதனை போடுங்கள், பிடித்து வைத்த அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வையுங்கள். மனு மேடைக்குக் கீழே மேஜையில் இருக்கிறது. இந்திக்காரப் பிள்ளைகளையும் அழைத்துவந்து கையெழுத்துப் போடுங்கள்.