இரண்டாவது பிரதி
(ஹைதராபாத் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

உ.வே.சாமிநாத ஐயர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போனபோது, கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். ஆகம விதியாம்! இன்றைக்குப் படித்தாலும் வயிறு எரிகிறது.

நம் காலத்துக் கதை இந்த ஊரிலேயே இருக்கிறது. 2000-களில் கச்சிபௌலி ஐ.ஐ.ஐ.டி., 'டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா' திட்டத்துக்காகப் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தது. கார்னகி மெலன் பேராசிரியர் ராஜ் ரெட்டியின் கனவு அது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்திருந்தது. தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு எல்லாம் வீட்டுக் கணினிக்கே வந்தன. பின்னர் அந்தத் தளமே இல்லாமல் போயிற்று. நல்லவேளை, கார்ல் மாலமுட் என்ற அமெரிக்கர் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை நகலெடுத்து 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் ஏற்றியிருந்தார். நம் தாத்தாக்கள் படித்த புத்தகங்கள் பிழைத்தது அப்படித்தான்.

பிழைத்தும் பல அகப்படுவதில்லை. தலைப்புகள் ஆங்கில எழுத்தில் கன்னாபின்னாவென்று இருக்கின்றன. ஓய்வு பெற்ற மாமாக்களும் மாமிகளும் வாரம் ஒரு புத்தகத்தை இறக்கி வைத்துக்கொண்டு, முகப்பைப் பார்த்துத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றையும் தமிழில் குறித்து அனுப்பினால் போதும்.

இன்னொன்று. நம் காலாண்டிதழின் பழைய இதழ்கள் ஒரே ஓர் அங்கத்தினர் வீட்டு அலமாரியில், ஒரே தொகுப்பாக இருக்கின்றன. அவருக்கு வயது 84. ஸ்கேன் செய்ய முன்வருபவர்கள் காபிக்குப் பிறகு என்னைப் பாருங்கள்.