பெயரில்லாத கிரேக்கரும் நொய்யல் கரையும்

 

பண்டைய கிரேக்க, ரோமானிய வரலாற்றில் எனக்குப் பிடித்த மனிதர்களைப் பற்றி இன்று பட்டம் பெறும் உங்களிடம் பேச விரும்புகிறேன். அவர்களில் முதலாமவருக்குப் பெயர் கிடையாது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து கப்பலேறிய கிரேக்க மொழிக்காரர், வணிகம் நன்றாகத் தெரிந்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி ஒரு செய்தியும் எஞ்சவில்லை. அவர் எழுதிய சிறு நூலுக்கு எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ் என்று பெயர். செங்கடல் தொடங்கி நம் கீழைக்கரை தாண்டியும் போகிற கடல்வழிக் குறிப்பு அது.

அந்த நூலில் வீரர்கள் இல்லை, போர் இல்லை. எந்தத் துறைமுகத்தில் எந்தச் சரக்கு போகும், திரும்பும்போது எதை வாங்கலாம், எகிப்திலிருந்து எந்த மாதம் பாய் விரிக்க வேண்டும் என்பதுதான் நூல் முழுவதும். ஜூலை வாக்கில் கிளம்பச் சொல்கிறார். தென்மேற்குப் பருவக்காற்று கப்பலைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். மேலைக் கடற்கரைத் துறைமுகமான முசிறிக்குப் போனால் பணம் நிறையக் கொண்டுபோ, பவளம், செம்பு, ஈயம், வண்ணத்துணி எடுத்துக்கொள், திராட்சை மது கொஞ்சம் போதும் என்கிறார். கோதுமையைப் பற்றிய ஒரு குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் அன்பு பெருகும். கப்பலில் வருகிறவர்களுக்கு வேண்டிய அளவு கோதுமை கொண்டுபோனால் போதும், அங்குள்ள வணிகர்கள் அதைப் பயன்படுத்துவதில்லை என்று எழுதுகிறார். வந்த இடத்தில் அடுத்தவர் இலையில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறார். அர்கரு என்று அவர் குறிப்பிடும் ஊரை அறிஞர்கள் உறையூர் என்கிறார்கள். அங்கிருந்து மெல்லிய துணி வருகிறது என்பதும் அவர் கணக்கில் ஏறியிருக்கிறது. உங்களில் பலர் மெர்ச்சண்டைசிங் வேலைக்குப் போகப் போகிறீர்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய ஆசான் இவர்தான் என்று நான் நம்புகிறேன்.

முசிறியில் ஒளி ஊடுருவும் கற்கள் எல்லா வகையிலும் கிடைக்கும் என்று அவர் எழுதினார். அந்தக் கற்களில் ஒரு பகுதி எங்கிருந்து போயிருக்கும் என்று கேட்டால் நாம் நொய்யல் ஆற்றைத்தான் பார்க்க வேண்டும். திருப்பூரிலிருந்து ஆறு போகும் திசையில் போனால், சென்னிமலைக்கு மேற்கே, வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று பாடிய ஊர் அதுதான் என்பது ஆய்வாளர் முடிவு. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் சார்பில் எ. சுப்பராயலுவும் கா. ராஜனும் அங்கே அகழ்ந்தார்கள். இரும்பு உருக்கிய உலைகள், கல்லை அறுத்துத் துளையிட்டு மணியாக்கிய பட்டறைகள், பாதியில் விட்ட மணிகள், நூல் நூற்ற தக்களிகள் எல்லாம் வெளியே வந்தன. கருவூருக்கும் பாலக்காட்டுக் கணவாய்க்கும் இடையே போன பெருவழியில் அந்த ஊர் இருந்தது. கணவாயைத் தாண்டினால் மேலைக் கடற்கரை, முசிறி. பெரில் என்னும் கடல்நிறக் கல் வெட்டியெடுத்த படியூர் நம் மாவட்டத்திலேயே, காங்கேயம் பக்கத்தில் இருக்கிறது.

எனக்குப் பிடித்த இரண்டாமவர் அந்தக் கல்லைப் பற்றி எழுதியவர், மூத்த பிளினி. ரோமானியக் கப்பற்படைத் தளபதி. 37 பகுதிகள் கொண்ட ‘இயற்கை வரலாறு’ என்ற பெருநூலை கி.பி. 77 வாக்கில் முடித்தார். சாப்பிடும்போதும் பக்கத்தில் ஒருவரைப் புத்தகம் வாசிக்கச் சொல்லிக் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பாராம். இதை அவருடைய சகோதரி மகன் எழுதியிருக்கிறார். இரண்டாண்டு கழித்து வெசுவியஸ் எரிமலை வெடித்தது. அருகில் போய்ப் பார்க்கவும், கரையில் சிக்கியவர்களை மீட்கவும் கப்பலை அந்தப் பக்கமே திருப்பினார். அங்கேயே இறந்தார்.

பெரில் என்றாலே இந்தியா, வேறெங்கும் அபூர்வம் என்று நூலின் கடைசிப் பகுதியில் எழுதுகிறார் பிளினி. இன்னோர் இடத்தில் கோபமாகவும் எழுதுகிறார். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது, அங்கிருந்து வரும் சரக்கு இங்கே நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்கிறார். கி.பி. 22இல் பேரரசர் திபேரியஸ் ரோம செனட்டுக்கு எழுதிய கடிதத்திலும் இதே மனத்தாங்கல் இருந்தது என்று டாசிட்டஸ் பதிந்திருக்கிறார். பெண்கள் அணியும் கற்களுக்காக நம் பணம் அயல்நாட்டுக்குப் போகிறது என்று அந்த அரசர் வருந்தினார். அதே திபேரியஸின் முகம் பொறித்த வெள்ளிக்காசுகள்தான் வெள்ளலூரிலும் கருவூரிலும் காத்தாங்கண்ணியிலும் புதையலாகக் கிடைத்தன.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது திருப்பூர் எப்படித் தவித்தது என்பதை நீங்கள் வீட்டிலேயே பார்த்தீர்கள். ஆர்டர் நின்றது, பையர் தள்ளுபடி கேட்டார், ஜாப் ஒர்க் யூனிட்களில் வேலை நாள் குறைந்தது. இப்படி ஒன்று இதற்கு முன் நடந்ததே இல்லை என்று யாராவது சொன்னால் வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் சுவடியைச் சொல்லுங்கள். 1985இல் அச்சில் வந்தது. முசிறியிலிருந்து எகிப்துக்குப் போன ஹெர்மாபோலன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு அதில் இருக்கிறது. நாலில் ஒரு பங்கு, அதாவது 25 விழுக்காடு, இறக்குமதி வரி. அந்த வரியைக் கழித்த பிறகும் ஒரே கப்பலில் இருந்த சரக்கின் மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ். அரசர்கள் முணுமுணுத்துக்கொண்டே வரி வாங்கினார்கள்; கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

பிளினி சொன்ன நூறு மடங்கை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன், கோபத்தில் எழுதிய எண் அது. ஆனால் அவர் கேட்காமல் விட்ட கேள்வி எனக்கு முக்கியம். நூறில் ஒரு பங்கு விலைக்குக் கல்லைக் கொடுத்தவன் யார், அவன் கைக்கு என்ன வந்தது? பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தாயின் பிள்ளைகள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். ஐரோப்பியக் கடையில் தொங்கும் சட்டையின் விலைச்சீட்டையும் இணையத்தில் பார்க்கிறீர்கள். இரண்டு எண்ணும் தெரிந்த தலைமுறை நீங்கள். ரோமில் உட்கார்ந்திருந்த பிளினிக்கு ஒன்றுதான் தெரிந்தது.

மூன்றாமவர் ஸ்ட்ராபோ. இன்றைய துருக்கியில் பிறந்த கிரேக்கர், புவியியல் எழுதியவர். எகிப்தின் மியோஸ் ஹார்மோஸ் துறையிலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போவதாகக் கேள்விப்பட்டு எழுதியவர் இவர்தான். ஆனால் திருப்பூரில் அவரை நினைக்க எனக்கு வேறு காரணம் இருக்கிறது. இன்றைய லெபனானில் இருக்கும் டயர் நகரம் கடற்சிப்பியிலிருந்து ஊதாச் சாயம் எடுத்து உலகுக்கே விற்றது. அந்த ஊரைப் பற்றி ஸ்ட்ராபோ எழுதும்போது, சாயப்பட்டறைகள் மிகுந்து போனதால் குடியிருக்கச் சகிக்கவில்லை என்கிறார். அதே மூச்சில், அந்தத் தொழில்திறமையால்தான் ஊர் செல்வம் கொழிக்கிறது என்றும் சொல்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த மனிதர் நம் சாயப்பட்டறை வீதியில் நின்று எழுதியதுபோல இருக்கிறது.

நம் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எழுதுகிறார்கள். டாலர் கணக்கை எழுதுகிறவர் ஆற்றை விட்டுவிடுகிறார். ஆற்றை எழுதுகிறவர், வேலை தேடி இந்த ஊருக்கு வந்து தலைநிமிர்ந்த குடும்பங்களை விட்டுவிடுகிறார். பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கீழே இருந்த உழவர்கள் நிலத்தை இழந்தார்கள், வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகுதான் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறை இங்கே கட்டாயமாக வேர்பிடித்தது. நான் பேசிக்கொண்டிருக்கும் கொடுமணலும் இதே ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. டையிங் யூனிட்டில் வேலைக்குச் சேரப் போகிறவர்களே, ஸ்ட்ராபோ செய்ததுபோல இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் முதலாளிக்குக் கசந்தாலும் எழுதுங்கள்.

இந்த மூவரையும் நான் மனதார நேசிக்கிறேன். இருந்தாலும் அவர்கள் எழுத்தில் கரையும் துறைமுகமும் அரசரும் இருக்கிறார்கள், பட்டறையில் உட்கார்ந்தவர் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தாலமி கருவூரைச் சேரர் தலைநகர் என்று குறித்தார், பெரில் கிடைக்கும் இடத்தையும் குறித்தார். அவர் கணக்கும் ஊர்ப்பெயரோடு நின்றுவிட்டது.

அந்தக் குறையை நம்மவர்களே ஓரளவு தீர்த்துவைத்தார்கள். கொடுமணல் மண்ணிலிருந்து தமிழி எழுத்துக் கீறிய பானையோடுகள் 500க்கும் மேல் கிடைத்தன. அந்தவன், ஆதன், சுமணன், வருணி என்று பெயர்கள். நிகம என்று வணிகர் கூட்டத்தைக் குறிக்கும் சொல்லும் ஓர் ஓட்டில் இருக்கிறது. அரண்மனைக் கல்வெட்டில் வந்த பெயர்கள் அல்ல இவை, சோறும் தண்ணீரும் வைத்த பானைகளில் தாங்களே கீறிக்கொண்ட பெயர்கள். எகிப்தின் செங்கடல் கரையில், மியோஸ் ஹார்மோஸ் இருந்த குசேர் அல்காதிமில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்று தமிழ்ப் பெயர்களை ஐராவதம் மகாதேவன் படித்தார். நம்மவர் அங்கே போயும் பானையில் பெயரெழுதி வைத்திருக்கிறார்கள்.

நூல் படித்த உங்களிடம் மட்டும் சொல்லக்கூடிய செய்தி ஒன்று மிச்சம் இருக்கிறது. செங்கடல் கரையிலேயே பெரனிகே என்று இன்னொரு துறைமுகம். பாலைவன வறட்சியில் அங்கே பழைய துணித்துண்டுகள் மக்காமல் கிடந்தன. ஜான் பீட்டர் வைல்டும் ஃபெலிசிட்டி வைல்டும் அவற்றை ஆராய்ந்தார்கள். பருத்தித் துணியில் எது எகிப்தில் நெய்தது, எது இந்தியாவிலிருந்து வந்தது என்று எப்படிப் பிரிப்பது? முறுக்கைப் பார்த்தார்கள். எகிப்தியர் நூலை எஸ் முறுக்காக நூற்பார்கள். இந்தியர் கையில் அது இசட் முறுக்கு. நூல் ஆய்வகத்தில் நீங்கள் முதல் பருவத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்த அதே எஸ், அதே இசட். இசட் முறுக்குப் பருத்தியில் நீலச்சாயம் தோய்த்த துணிகள் கிடைத்தன. கப்பலின் பாய்த்துணிகூடக் கிடைத்தது. ரோமானிய எகிப்தின் துறைமுகத்தில் இந்தியப் பருத்தியில் நெய்த பாய். அந்தத் துண்டு எந்த ஊரில் நூற்றது என்று சொல்லாது. ஆனால் நூற்ற கை எந்தப் பக்கம் திரித்தது என்பதை இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் சொல்கிறது. பிளினி எழுதாமல் விட்ட, நூல் நூற்றவளைப் பற்றி அவள் நூலே சாட்சி சொல்லியிருக்கிறது.

1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-சர்ட் தேடித் திருப்பூருக்கு வந்தார் என்பது இந்த ஊர்த் தொழில் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் செய்தி. ரோமாபுரிக்காரர்கள் மறுபடி நொய்யலுக்கு வந்த கதையாக நான் அதை மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்வேன். ஆனால் இந்தக் கதையிலும் வாங்க வந்தவர் பெயர்தான் நிலைத்திருக்கிறது. அந்தச் சட்டைகளுக்குத் துணி ஓட்டியவர், காஜா எடுத்தவர், செக்கிங் பார்த்தவர் யார் என்று இந்த அரங்கில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? அவர்களில் சிலர் இப்போது அறுபது, எழுபது வயதில் இதே ஊரில் இருக்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வேலையில் சேர்வதற்கு முன் ஒரு மாலை நேரத்தில் உங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ, தாத்தா பாட்டியிடமோ ஒரு நோட்டோடு உட்காருங்கள். எந்த ஆண்டு கம்பெனிக்குள் நுழைந்தார்கள், என்ன மெஷின், முதல் வாரச் சம்பளம் எவ்வளவு, பக்கத்து மெஷினில் இருந்தவர் பெயர் என்ன, மதியம் டிபன் பாக்ஸில் என்ன இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். தேதி போட்டு எழுதுங்கள். எழுதியதன் ஒரு படியை இந்தக் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். அதற்கென்று ஓர் அலமாரி ஒதுக்க வேண்டும் என்று முதல்வரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.