ஒரு கொலை, இரண்டு தீர்ப்புகள்



பஞ்சவன்காடு. யட்சிக்குப் பயந்து பகலிலும் ஆள் நடமாடாத இடம். அங்கே ரத்தவெள்ளத்தில் ஓர் இளைஞன் கிடக்கிறான். வெட்டியது யார்? உயிர் இருக்கிறதா, இல்லையா? சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' இப்படித்தான் தொடங்குகிறது. 1891-ல் வெளிவந்த இதுதான் மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல். ஆனால் கதை நடக்கும் மண்ணில் ஒரு பகுதி நம் குமரி மாவட்டம்.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி தனக்குப் பின் ஆள ஒரு மகன் வேண்டுமென்று தவித்தார். பின்னாளில் திருவிதாங்கூரான வேணாட்டிலோ மருமக்கத்தாயம். ராஜாவின் மகனுக்குப் பட்டம் கிடையாது, சகோதரி மகனுக்குத்தான். ராமவர்மா ராஜாவின் மக்களான பப்புத்தம்பியும் ராமன்தம்பியும் இதை ஏற்கவில்லை. எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். மருமகன் மார்த்தாண்டவர்மா உயிருக்குப் பயந்து ஊர் ஊராக ஒளிந்து திரிந்தார். 1729-ல் பட்டத்துக்கு வந்தார்.

நாவலின் சுவையெல்லாம் அந்த ஒளிவில்தான். பித்தனைப்போல் அலையும் ஒருவன் ஆபத்து வரும்போதெல்லாம் எங்கிருந்தோ வந்து இளவரசரைக் காப்பாற்றுகிறான். அவன் யார் என்பதை இங்கே சொல்லிவிட்டால் படிப்பவருக்கு ருசி போய்விடும். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்கு இந்தக் கதை இன்னும் நெருங்கி வரும். குனிந்து ஏறவேண்டிய ஒடுங்கிய மரப்படிகள், முகம் தெரிகிற கருந்தரை, சாரோட்டு அரண்மனைக்குப் போனதாகச் சொல்லப்படும் சுரங்கவழி.

இந்த நாவலை 1933-ல் மௌனப்படமாக எடுத்தவர் நாகர்கோவில் ஆர். சுந்தரராஜ். பதிப்பகத்தார் உரிமை கேட்டு வழக்குப் போட, படம் முடங்கியது.

நாவலில் பப்புத்தம்பி, ராமன்தம்பி என்ற இந்தத் தம்பிமார் வில்லன்கள். நாஞ்சில் நாட்டுக் கதைப்பாடலான 'தம்பிமார் கதை'யைக் கேட்டால் நியாயம் வேறு பக்கம் சாய்கிறது. அதில் தம்பிமாரின் தங்கையை மார்த்தாண்டவர்மா பெண் கேட்கிறார். அவள் வயிற்றுப் பிள்ளைக்குப் பட்டம் உண்டா என்று இவர்கள் கேட்கிறார்கள். இப்படி முற்றிய பகை தம்பிமாரின் கொலையில் முடிகிறது. வென்றவர் பக்கத்தை அச்சுப் புத்தகம் சொன்னது. வெட்டுப்பட்டவர்களுக்காகக் கதைப்பாடல் அழுதது. சி.வி.யின் கதைத்திறம் பெரிது. ஆனாலும் தம்பிமாருக்கு அவர் நியாயம் செய்யவில்லை என்றே சொல்லவேண்டும்.

நாவல் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது, படியுங்கள். வீட்டுப் பெரியவர்களில் யாருக்காவது தம்பிமார் கதை தெரிந்திருந்தால், உட்கார வைத்துக் கேட்டு இப்போதே பதிவு செய்து வையுங்கள்.