பெயர் தெரிந்தால் கேட்கலாம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் சங்கத்தின் கட்டடக் குழு சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் பேசச் சொன்னால் பழைய நினைவுகளைப் பேசுவதுதான் வழக்கம். கட்டடக் குழுவில் இருந்த நாங்கள் ஐந்து பேரும் சீமெந்தையும் கரண்டையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

சங்கத்தின் பழைய மண்டபத்தைத் திருத்தும் பொறுப்பை எங்களிடம் தந்தீர்கள். எங்களில் இருவர் ஆசிரியைகள், ஒருவர் வங்கியில், ஒருவர் தாதி, ஒருவர் கணக்காளர். கொந்தராத்துக்காரர் தந்த எஸ்டிமேட்டை வரிவரியாகக் கூட்டிப் பார்த்தோம். ஒரு ரூபாய் பிழை இல்லை. கையெழுத்து வைத்தோம். எண்களைப் பார்த்த நாங்கள் சொற்களைப் பார்க்கவில்லை.

வேலை முடிந்து முதலாவது கூட்டம். நல்ல மழை. தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் பொயிலரைத் தொட்ட சமையலறை அக்கா, "ஐயோ" என்று கையை உதறினார். ஈரத் தரை, வெறுங்கால். கடவுள் காத்தார், கை விடுபட்டது. அவர் பயத்தை மறைத்துக்கொண்டு, "ஒண்டுமில்ல மிஸ், சும்மா சுள்ளெண்டுச்சு" என்றார். எங்களுக்குத்தான் கைகால் நடுங்கியது.

கொந்தராத்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "மெயின் சுவிட்ச் போட்டிருக்கே மிஸ், எஸ்டிமேட்டில அதுதானே இருக்கு" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. எஸ்டிமேட்டில் மெயின் சுவிட்ச் என்றுதான் இருந்தது. மெயின் சுவிட்சும் ட்ரிப் சுவிட்சும் ஒன்று என்று நினைத்தது நாங்கள். பிறகு வேறொரு மின்னியலாளரைக் கொண்டு பெட்டியைத் திறந்தபோது, பொயிலருக்குப் போகும் எர்த் வயர் எதிலும் பொருத்தப்படாமல் மடித்து விடப்பட்டிருந்தது தெரிந்தது. "எர்த்திங் – 1 ஐட்டம்" என்று நாங்கள் பணம் கட்டிய வரி அது.

அன்றைக்குப் பிறகு நாங்கள் மறுபடியும் மாணவிகளானோம். படித்ததில் முக்கியமானதை இங்கே சொல்லுகிறோம்.

மெயின் சுவிட்ச் என்பது கையால் நிறுத்தும் ஆளி, அவ்வளவுதான். தானாக ஒன்றும் செய்யாது. எம்.சி.பி. எனப்படும் சிறிய பிரேக்கர்கள் வயரைக் காப்பவை. அளவுக்கு மிஞ்சி மின்சாரம் ஓடினால் வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் வெட்டிவிடும். 20 அம்பியர் பிரேக்கர் மனித உடலில் ஓடும் மின்சாரத்தைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, ஏனென்றால் ஆளைக் கொல்ல அதில் மிகச் சிறிய பங்கே போதும். ஆளைக் காப்பது ட்ரிப் சுவிட்ச், அதாவது ஆர்.சி.சி.பி. லைவ் வயரில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர் அளவு வேறு வழியில் கசிந்தால் கண் இமைப்பதற்குள் வெட்டும். எர்த் என்பது அந்தக் கசிவுக்கு நாம் போட்டுக் கொடுக்கும் பாதை. அந்தப் பாதை இல்லாவிட்டால் தொடுகிறவரின் உடலே பாதையாகிவிடும்.

ட்ரிப் சுவிட்சில் "ரி" என்று எழுதிய ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். ஆனால் அந்தப் பொத்தான் சுவிட்சைத்தான் சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது. எர்த்தை அளக்கத் தனிக் கருவி உண்டு. "எர்த் டெஸ்ட் செய்து எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள்.

வயர் வாங்கும்போது 1/1.13, 7/0.67 என்று கடைக்காரர் சொல்வார். இது மந்திரமல்ல. முதல் எண் எத்தனை இழை, அடுத்தது ஒவ்வோர் இழையும் எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு. முன்னையது விளக்குகளுக்கு, பின்னையது பிளக் பொயின்றுகளுக்கு. எஸ்டிமேட்டில் "வயரிங் – 1 ஐட்டம்" என்று மட்டும் இருந்தால் எந்த வயரையும் போடலாம். ஐட்டம் என்ற சொல்லைக் கண்டால் நின்று கேளுங்கள்.

இனி கட்டட வேலை. எங்கள் ஊரில் வீட்டுச் சொற்கள் பல துறைமுகத்தால் வந்து இறங்கியவை. ஜன்னல், சாவி, விறாந்தை, தீராந்தி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப் போனவை. இஸ்தோப்பும் கக்கூசும் ஒல்லாந்தருடையவை. மேசனை நாம் "பாஸ்" என்று கூப்பிடுவதும் அவர்களுடைய சொல்தான். பிறகு ஆங்கிலேயர் வந்து பீமும் லின்ரலும் சிலாப்பும் தந்தார்கள். நம்முடைய பாட்டிமார் வந்த சொல்லையெல்லாம் வாங்கி வீட்டுச் சொல்லாக்கினார்கள். டி.பி.சி., கவர், கியூரிங் என்ற சொற்களை நாமும் அப்படியே வாங்கிக்கொள்ளலாம்.

டி.பி.சி. என்பது அத்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் போடும் ஈரத் தடுப்புப் படை. அது இல்லாவிட்டால் நிலத்து ஈரம் சுவரில் ஏறி, உவர் பூத்து, பூசிய பெயின்ற் உதிரும். திரும்பத் திரும்பப் பெயின்ற் அடிப்பதில் பலனில்லை. வுல்ஃபெண்டால் தேவாலயத்தை ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கியபோது செம்பூரான் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு மொத்தச் சுவர்கள் எழுப்பினார்கள். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விடும். நம்முடைய மண்டபமும் சுண்ணாம்புச் சுவர்தான். அதன்மேல் சீமெந்து பூசச் சம்மதித்தது எங்களுடைய இன்னொரு பிழை. ஈரம் உள்ளே அடைபட்டு, ஒரு பருவ மழையிலேயே பூச்சு பொருமிவிட்டது.

கவர் என்பது கொங்கிறீற்றின் வெளிப்பக்கத்துக்கும் உள்ளே இருக்கும் கம்பிக்கும் நடுவிலுள்ள தடிப்பு. கடற்காற்று வீசும் கொச்சிக்கடையில் இது சின்ன விஷயமல்ல. கவர் குறைந்தால் உப்பும் ஈரமும் கம்பியைத் தொட்டுக் கறள் பிடிக்கும். கறள் பிடித்த கம்பி பருத்து, கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும். சிலாப்பின் அடியில் துண்டு துண்டாகக் கழன்று விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கொங்கிறீற் போடுவதற்கு முந்திய நாள் போய், கம்பிக்குக் கீழே கவர் புளொக் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். போட்ட பிறகு பார்க்க முடியாது.

கியூரிங் என்றால் போட்ட கொங்கிறீற்றை ஆகக் குறைந்தது 7 நாளாவது ஈரமாக வைத்திருப்பது. சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. தண்ணீர் ஊற்றச் செலவில்லை, மறந்தால்தான் செலவு.

அளவுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஸ்குவயர் 100 சதுர அடி. ஒரு கியூப் 100 கன அடி. லொறியில் மணல் வந்தால் அளவு நாடாவால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி நூறால் பிரியுங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. நாங்கள் முதல் தடவை அளந்தபோது லொறிக்காரர் சிரித்தார். அடுத்த லொறியில் மணல் கூடியிருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அம்மா அப்பாவின் வீட்டைத் திருத்தக் காசு அனுப்புகிறவர்கள் நீங்கள். இங்கே பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிய வீடுகளில் மண்ணிறம், நீலம், பச்சை–மஞ்சள். கனடாவிலோ கறுப்புத்தான் லைவ், வெள்ளை நியூட்ரல். விடுமுறையில் வந்து அங்கத்தைய நினைப்பில் இங்கே பெட்டியைத் திறக்காதீர்கள். லண்டனில் ஆர்.சி.டி. என்பதும் இங்கே ட்ரிப் சுவிட்ச் என்பதும் ஒன்றே. தொலைபேசியில் அம்மாவிடம், "அந்தப் பொத்தானை அழுத்திப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள்.

மண்டபத்தின் மின்வேலையை மறுபடியும் செய்வித்தோம். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசினோம். வேலை முடிந்ததும் முழுப்பணத்தையும் கொடுக்கவில்லை. நூற்றுக்கு ஐந்தை மறிப்புப் பணமாக ஆறு மாதம் வைத்திருந்தோம். முதல் தடவை அந்தச் சொல்லும் எங்களுக்குத் தெரியாது. இரண்டு தடவை செலவானது உங்களுடைய பணம். அதற்காக இந்த மேடையில் மன்னிப்புக் கேட்கிறோம்.

கேட்டால் தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் நாங்கள் ஐந்து பேரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுக்க இருந்தவர் சமையலறை அக்கா. இப்போது ஒவ்வொரு மாதமும் கூட்டம் தொடங்குமுன் ட்ரிப் சுவிட்சை அழுத்திப் பார்ப்பவர் அவர்தான். "விழுந்துட்டு மிஸ்" என்று வந்து சொல்வார். அதன் பிறகுதான் தேநீர்.