நெடுஞ்சாலையில் மின்னேற்றம்

மின்சாரக் கார் வாங்கியவனைக் காண்போர் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "ஒரு தடவை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" ஓராண்டுக் காலம் நானும் இதற்கு விடை கூறி வந்தேன். சென்ற ஆண்டு சென்னையிலிருந்து மதுரைக்குச் சென்று வந்த பின்னரே, கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பதை உணர்ந்தேன். வழியிலுள்ள நிலையங்களுள் எது நம்பத்தக்கது என்பதே அது.

என் காரின் மின்கலம் நாற்பது யூனிட் கொள்ளும். நெடுஞ்சாலை வேகத்தில் யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் கிடைக்கும். சென்னைக்கும் மதுரைக்கும் இடையே ஏறத்தாழ 460 கிலோமீட்டர். ஆகவே இடையில் ஓரிடத்திலேனும் நின்றாக வேண்டும். மறுநாட் காலை முகூர்த்தத்தில் தாலிக்குப் பொன் எடுத்துக் கொடுக்க வேண்டிய தாய்மாமன் நான். என் அக்காள் மகள் திருமணம். பிற்பகலில் புறப்பட்டு, 200 கிலோமீட்டர் கடந்து உளுந்தூர்ப்பேட்டையை அடைந்தபோது இருட்டிவிட்டது. மின்கலத்தில் எஞ்சியிருந்தவை ஒன்பது யூனிட்கள்.

அங்கே ஓர் உணவு விடுதியின் வாயிலில் ஒரேயொரு மின்னேற்று எந்திரம் இருந்தது. கைப்பேசிச் செயலியில் அது பச்சை நிறத்தில் ஒளிர்ந்தது. நேரிலோ அதன் திரை இருண்டு கிடந்தது. "மூன்று நாளாக இப்படித்தான் இருக்கிறது, சார்" என்றார் காவலாளி. அடுத்து நான் குறித்து வைத்திருந்த இடம் பெரம்பலூர். அது 70 கிலோமீட்டர் தொலைவு. என் கையிருப்போ 60 கிலோமீட்டருக்குத்தான் வரும். கணக்குப் பாடத்தில் இவ்வளவு கவனத்தோடு நான் ஒருநாளும் வகுத்ததும் பெருக்கியதும் இல்லை.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு பெட்ரோல் பங்கில் வேறொரு நிறுவனத்தின் எந்திரம் இருப்பதாகத் தெரிந்தது. குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, லாரிகளுக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்து சென்றோம். எந்திரம் வேலை செய்தது. ஆனால் அதற்கெனத் தனிச் செயலி; அதில் முன்பணம் கட்ட வேண்டும்; அதற்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வர வேண்டும்; அவ்விடத்திலோ கைப்பேசிக்குச் சமிக்ஞை இல்லை. சாலையோரம் வரை நடந்து, கையை உயர்த்தி நின்று, அந்த ஆறு இலக்கங்களைப் பெற்று வந்தேன். அதன் திறன் 30 கிலோவாட். எண்பது விழுக்காடு நிரம்ப ஐம்பது நிமிடத்திற்கு மேலாயிற்று.

எண்பதோடு ஏன் நிறுத்தினேன் என்று கேட்பீர்கள். மின்கலம் நிரம்ப நிரம்ப, அது கெடாதிருக்கும் பொருட்டுக் காரே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். எஞ்சிய இருபதுக்காகக் காத்திருப்பதினும் அடுத்த நிலையத்தில் ஏற்றிக்கொள்வதே சிக்கனம்.

அவ்வடுத்த நிலையம் திருச்சிக்கு அருகில், மூன்றாவது நிறுவனத்தினுடையது. நான்கு எந்திரங்கள்; ஒவ்வொன்றுக்கும் 60 கிலோவாட்; இரண்டிரண்டு குழாய்கள். 'துப்பாக்கி' என்றே அங்குள்ளோர் வழங்குகின்றனர். என் பக்கத்துத் துப்பாக்கியில் மற்றொரு கார் வந்து மாட்டியதும் என் வேகம் பாதியாயிற்று. அறுபதை இருவரும் முப்பது முப்பதாகப் பகிர்ந்துகொண்டோம். பலகையில் எழுதிய எண்ணை மட்டும் நம்பலாகாது என்பதை அங்கே கற்றேன். ஆயினும் இந்நிலையத்திற்கே நான் முதலிடம் தருவேன். யூனிட் விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் நான்கில் ஒன்று பழுதானாலும் மூன்று இருக்கும் அல்லவா?

நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்று இந்திய அரசின் மின்துறை 2018ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்தது. தூரத்தை வகுப்பது எளிது; அமைத்ததைப் பேணுவதே அரிது. அமெரிக்காவிலும் இதே கதைதான். டெஸ்லா நிறுவனம் 2012இல் கலிபோர்னியாவில் ஆறு நிலையங்களோடு தொடங்கியது. காரும் எந்திரமும் ஒரே நிறுவனத்தின் ஆக்கமாதலால், செருகியவுடன் மின்னேற்றம் தொடங்கும். கட்டணம் தானே கணக்கில் சேரும். அதற்குப் போட்டியாக எழுந்த எலெக்ட்ரிஃபை அமெரிக்கா பிறந்த வரலாறு விந்தையானது. டீசல் புகைச் சோதனையில் ஏமாற்றிய ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், வழக்கின் தீர்வாகப் பத்தாண்டுகளில் 200 கோடி டாலர் முதலிட ஒப்புக்கொண்டதன் விளைவே அது. 2023இல் ஃபோர்டு நிறுவனம் டெஸ்லாவின் செருகியை ஏற்பதாக அறிவித்தது. பிற நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. அந்நாட்டு நிறுவனங்கள் தம் கார்களுக்குப் போட்டியாளரின் நிலையங்களை நாடிச் சென்றது ஏன் என்பது உளுந்தூர்ப்பேட்டையில் நின்றவனுக்கு நன்கு விளங்கும்.

பிரிட்டன் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. அங்கே 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொது எந்திரங்கள், ஒவ்வொரு நிறுவனத்திலும் ஆண்டுச் சராசரியாக 99 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அவற்றுள் ஏறத்தாழ 88 மணிதான் பழுதுக்கு இடம். மூன்று நாள் இருண்டு கிடந்த அந்த எந்திரம் அதற்குள்ளாகவே 72 மணியைச் செலவழித்துவிட்டது.

மதுரையை அடைந்தபோது இரவு மணி ஒன்று. மண்டப வாயிலில் காத்திருந்த அக்காள், "பஸ்ஸில் வந்திருக்கலாமே, தம்பி" என்றாள். திரும்பும்போது செயலியில் பச்சை நிறத்தை மட்டும் பார்க்கவில்லை. கடைசியாக எவரேனும் அங்கு மின்னேற்றிய நேரத்தையும் பார்த்தே புறப்பட்டேன்.