எலும்பு பொருந்திய பிறகும் இரத்தத்தைப் பார்க்க வேண்டும்

(முருங்கனில் நடந்த சங்க உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த வெயிலிலும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றி. முருங்கன் பக்கம் மலையகத்தாருக்குப் புதிய இடம் அல்ல. மன்னார்க் கரையில் இறங்கிய நமது பாட்டன் பூட்டன்மார் இந்தப் பகுதிக் காடுகளைக் கடந்துதான் மாத்தளைக்கு நடந்தார்கள். பிறகு 1958, 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு, தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்களும் நம்மவர்களே. அவர்களின் பிள்ளைகள் இன்று கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் கூலி வேலை செய்கிறார்கள். தேயிலை மலையில் சறுக்கி விழுந்தாலும் வயல் வரம்பில் வழுக்கி விழுந்தாலும் எலும்பு முறிவது ஒரே மாதிரித்தான்.

இன்று நாங்கள் பேச வந்தது இடுப்பு, தொடை, முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் இரத்தம் உறையாமைக்கான மருந்தைப் பற்றி. சங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் யோசிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சம்பளக் கணக்கும் வரும்.

எலும்பு முறிந்து பிளேட் வைத்தவர் நாட்கணக்கில் படுத்திருக்கிறார். காலில் ஓட வேண்டிய இரத்தம் தேங்குகிறது. காயம் பட்ட உடம்போ இரத்தத்தை உறையவைக்கத்தான் பார்க்கும். இரண்டும் சேரும்போது கெண்டைக்காலின் ஆழத்து நரம்பில் இரத்தக் கட்டி உண்டாகலாம். அது பிய்ந்து நெஞ்சுக்குப் போய் நுரையீரலை அடைத்தால் ஆள் நின்ற நிலையில் விழுந்துவிடுவார். இந்த ஆபத்து வோர்ட்டோடு முடிவதில்லை. வீட்டுக்கு வந்து சில வாரங்கள் வரை இருக்கும். அதனால்தான் இடுப்பு ஆபரேஷன் செய்தவருக்கு 35 நாள் வரைகூட மருந்து எழுதுகிறார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறி, வலித்தால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். முறிவு வைத்தியரை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டி இருக்கும் காலை உருவினால் அது நெஞ்சுக்குக் கிளம்பும்.

மருந்து ஒரே வகை அல்ல. இங்கேதான் நம்மவர்கள் குழம்புகிறார்கள். வயிற்றுத் தோலில் போடும் எனொக்ஸாபரின் ஊசி ஒன்று. வோபரின் குளிசை இன்னொன்று. ரிவரொக்ஸபான் போன்ற புதிய குளிசைகள் வேறு. சிலருக்கு அஸ்பிரினும் கொடுப்பார்கள். ‘இரத்தத்தை மெல்லியதாக்கும் மருந்து’ என்று எல்லாவற்றையும் ஒரே பெயரால் சொன்னாலும், பார்க்க வேண்டிய சோதனை மருந்துக்கு மருந்து மாறும். ஊசிக்கும் புதிய குளிசைக்கும் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அவை உடம்பை விட்டு வெளியேற சிறுநீரகம் வேண்டும். இதை இந்த ஊரில் நாங்கள் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இதே வீதியில் கிழக்கே போனால் வரும் மதவாச்சிப் பக்கத்தில் 1990களில் இருந்து விவசாயிகளைச் சிறுநீரக நோய் பிடித்துவருகிறது. வவுனியாவிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், டொக்டர் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.

வோபரினுக்குத்தான் ஐ.என்.ஆர். சோதனை. சாதாரண மனிதருக்கு அந்த எண் 1 அளவில் இருக்கும். காலில் கட்டி வந்தவருக்கு 2 முதல் 3 வரை வைத்திருப்பார்கள். 2இற்குக் கீழே போனால் மருந்து சாப்பிட்டும் போதிய பலன் இல்லை. மேலே ஏற ஏற இரத்தம் கசியும் ஆபத்து கூடும். முன்பு ஒவ்வொரு ஆய்வுகூடத்துக்கும் ஒவ்வொரு கணக்கு இருந்தது. 1983இல் உலக சுகாதார நிறுவனம்தான் இந்தப் பொது அளவைக் கொண்டுவந்தது. அதனால் யாழ்ப்பாணத்தில் பார்த்த எண்ணையும் அனுராதபுரத்தில் பார்த்த எண்ணையும் மன்னார் டொக்டர் ஒரே மாதிரி வாசிக்கலாம். கொப்பி கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வோபரின் எலி மருந்து என்று ஒரு கதை உலவுகிறது. அது பொய்யல்ல. 1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சணம் பிடித்த ஒருவகைப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்தன. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரும் அவருடைய ஆட்களும் அந்தப் புல்லில் இருந்த பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதன் வழியில் செய்த வோபரின் 1948இல் எலிக்கு வந்தது, 1954இல் மனிதருக்கு வந்தது. அளவு தப்பினால் விஷம், அளவோடு இருந்தால் உயிர் காக்கும். அந்த அளவைச் சொல்வது இரத்தச் சோதனை மட்டுமே. குளிசையின் நிறத்தைப் பார்த்தால் தெரியாது. ‘இது எத்தனை மில்லிகிராம்?’ என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடவும் வேண்டாம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா, கொழுந்து மலையில் விழுந்து இடுப்பு முறிந்தவர். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம் கால் வீங்கி, கட்டி என்று வோபரின் தொடங்கினார்கள். வாரம் ஒரு முறை இரத்தம் பார்க்க வரச் சொன்னார்கள். தனியாக பஸ் ஏற முடியாது, மகள் கூடப் போக வேண்டும். போனால் மகளுக்கு அன்றைய பேர் இல்லை. பஸ் காசு, ஓட்டோ காசு, மதியச் சாப்பாடு வேறு. இரண்டு தவணை போகவில்லை. குளிசையை மட்டும் ஒழுங்காகப் போட்டார். அதற்கிடையில் பல்வலிக்குக் கடையில் இரண்டு வகைக் குளிசை வாங்கினார்கள், மெட்ரொனிடசோலும் டைக்ளோபினக்கும். ஒன்று வோபரினின் வேகத்தைக் கூட்டும். மற்றது வயிற்றைப் புண்ணாக்கும். நாலைந்து நாளில் மலம் தார் போலக் கறுத்தது. தலைசுற்றி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். இரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். அந்த வீட்டில் யாரும் சோம்பேறி இல்லை, அறிவில்லாதவர்களும் இல்லை. ஒரு நாள் சம்பளம் போனால் அடுப்பு எரியாத வீடு அது, அவ்வளவுதான்.

அதனால்தான் இதைச் சங்கத்தின் பிரச்சினை என்கிறோம். சோதனை இலவசம் என்று சொன்னால் போதாது. சோதனைக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் வேண்டும், துணைக்குப் போகிறவருக்கும் வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே இரத்தம் எடுத்து, மாதிரியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அன்று மாலையே அளவைத் தொலைபேசியில் சொல்லும் ஏற்பாடு வேண்டும். வோபரினை மாலையில் போடச் சொல்வதே, பகலில் வரும் முடிவைப் பார்த்து அன்றைய அளவை மாற்றலாம் என்பதற்காகத்தான். கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதித் தர வேண்டும். வேலையில் விழுந்து முறிந்தது என்றால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. விழுந்த அன்றே கணக்கப்பிள்ளையிடமோ முதலாளியிடமோ எழுத்தில் அறிவியுங்கள். ஆஸ்பத்திரித் துண்டு ஒன்றையும் எறிய வேண்டாம்.

சாப்பாடு பற்றித் தாய்மார் கேட்டிருந்தீர்கள். கீரையை விட்டுவிடச் சொல்லி யாரும் சொன்னால் கேட்க வேண்டாம். முருங்கை இலை, வல்லாரை, கங்குன் எல்லாவற்றிலும் வோபரினுக்கு எதிராக வேலை செய்யும் விட்டமின் கே உண்டு. அதனால் ஒரு வாரம் கீரையே இல்லாமல், அடுத்த வாரம் மூன்று நேரமும் கீரையாகச் சாப்பிட்டால்தான் எண் ஏறி இறங்கும். வழக்கமாகச் சாப்பிடும் அளவை மாற்றாமல் சாப்பிடுங்கள். கசிப்பை மட்டும் தொடவே வேண்டாம் (ஆண்கள் பக்கம் சத்தமே இல்லை!). காய்ச்சல் வந்தால், டெங்குவாக இருக்கலாம் என்பதால், அன்றே டொக்டரிடம் வோபரின் போடுவதைச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டால், சிறுநீர் சிவந்தால், மூக்கு இரத்தம் பத்து நிமிடத்தில் நிற்காவிட்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் இரண்டு தோழியர் அந்த மாமரத்தடி மேசையில் இருப்பார்கள். ஆபரேஷன் செய்தவர்கள் குளிசை மட்டையையும் கொப்பியையும் கொண்டுவாருங்கள். மருந்தின் பெயர், மில்லிகிராம், அடுத்த சோதனைத் தேதி மூன்றையும் தமிழில் ஒரு மட்டையில் எழுதித் தருவார்கள். போன தவணைக்குப் போகாதவர்கள் தனியாக அவர்களிடம் சொல்லுங்கள். நாளைக் காலை பஸ்ஸில் துணைக்கு ஒருவரை அனுப்புகிறோம்.