முதலில் பாடம் நடத்துங்கள், பிறகு தேர்வு வையுங்கள்!

பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்தது என்ன என்ற கவலையோடு வந்திருக்கும் பிள்ளைகளே!

கல்லூரியில் யார் நன்றாகப் படிப்பார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் நுழைவுத்தேர்வு என்கிறார்கள். மருத்துவப் படிப்புக்கான நீட் யாரைக் கண்டுபிடித்தது? நீட்டின் விளைவுகளை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கணக்கெடுத்துச் சொன்னது. தமிழ்நாட்டில் நீட் வருமுன், 2016-17இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேர்தான் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்கள். நீட் வந்தபின், 2020-21இல் 71 பேர்! அதற்குள் நம் பிள்ளைகளின் மூளை மழுங்கிவிட்டதா? ஓராண்டு வீட்டில் சோறு போட்டு, கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட யாரால் முடிந்ததோ, அவர் பிள்ளை உள்ளே போனது. கூலிக்காரர் பிள்ளைக்கு அந்த இரண்டாவது ஆண்டு ஏது?

வேறு வழி இல்லையா? இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பைப் பாருங்கள். ஜே.இ.இ. நுழைவுத்தேர்வு கட்டாயமில்லை. விண்ணப்பித்தவருக்கு முதலில் நான்கு வாரம் பாடம் நடத்துகிறார்கள். கணிதம், புள்ளியியல், ஆங்கிலம், கணினிவழிச் சிந்தனை. வாரந்தோறும் அசைன்மென்ட். அதை ஒழுங்காக முடித்தவருக்கு, நடத்திய பாடத்திலிருந்தே தேர்வு. தேறிய அத்தனை பேருக்கும் இடம்! பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்த பெண் பத்தாம் வகுப்புக் கணக்கோடு வந்து உட்காரலாம். சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்கிறாளா என்று பார்க்கிறார்கள். கல்லூரிக்கு வேண்டிய திறமை அதுதானே!

“அது ஆன்லைன் படிப்பு, மருத்துவத்தில் இடம் குறைவு” என்பார்கள். சரி, வரிசைப்படுத்துங்கள். பள்ளியில் படித்த படிப்பை வைத்து வரிசைப்படுத்துங்கள். எந்த நிலைமையில் படித்தார் என்பதையும் கணக்கில் சேருங்கள். ராஜன் குழு கேட்டதும் அதையே.

இன்னொன்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 2020இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது, தரம் போய்விடும் என்று கூச்சலிட்டார்கள். கூச்சல் எதற்கு? அந்தப் பிள்ளைகள் எழுதிய ஒவ்வோர் ஆண்டுத் தேர்வின் மதிப்பெண்ணும் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆகவே இந்தக் கூட்டத்தின் தீர்மானம் இது: நீட் மதிப்பெண்ணையும் கல்லூரித் தேர்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர்களை மறைத்து, கல்லூரி வாரியாக அரசு உடனே வெளியிட வேண்டும். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்!